முதல் எரர்தான் மேல்மடை: கெர்னல் பில்டு நின்னா எங்க பார்க்கணும்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நிறைய வீடுகள்ல பீரோ மேல ஒரு பழைய அரசு லேப்டாப் கிடக்கும். 2011ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டத்துல வந்தது. ஆரம்பத்துல கொடுத்ததுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. டெபியனை அடிப்படையா வச்சு சி-டாக் உருவாக்கின இயங்குதளம் அது.

அக்கா படிச்ச அந்த லேப்டாப்ல இன்னைக்குப் புது லினக்ஸ் ஏத்தி தம்பிக்குக் கொடுக்கலாம். பெரும்பாலும் சிக்குறது வைஃபைலதான். டிரைவரோட சோர்ஸ் கோடை இறக்கி 'மேக்'னு அடிச்சா, திரை முழுக்க எரர். அதுக்காகப் பழைய இரும்புக்கடையில போட்டுடாதீங்க.

முதல் விதி: கடைசி வரியைப் படிக்காதீங்க. 'மேக், எரர் 2'ங்கிறது வேலை நின்னுடுச்சுன்னு மட்டும்தான் சொல்லும். கல்லணையில தண்ணி திறந்தும் கடைமடைக்கு வரலன்னா, வயல்ல நின்னு பார்த்தா காரணம் தெரியுமா? வாய்க்கால் கரையோட மேல ஏறிப் போய், எந்த மதகு அடைச்சிருக்குன்னு பார்க்கணும். இங்கயும் அப்படித்தான். மேல ஏறி, முதல்ல வந்த எரரைப் பிடிங்க. ஒரே ஒரு ஹெடர் ஃபைலைச் சேர்க்காம விட்டா, அதுக்குக் கீழ ஐம்பது எரர் வரலாம். பல வேலைகள் ஒரே நேரத்துல ஓடினா வரிகள் கலந்து வரும்; அப்போ ஒவ்வொண்ணா ஓடவிட்டுப் பாருங்க.

'பில்டு' டைரக்டரியே இல்லைன்னு வந்தா, ஹெடர் பேக்கேஜ் போடலைன்னு அர்த்தம். இப்ப ஓடுற கெர்னல் எந்தப் பதிப்போ, அதே பதிப்புக்கான ஹெடர்தான் வேணும்.

அடுத்தது கொஞ்சம் ஆழமானது. நாம பயன்படுத்துற செயலிகள் உடையக்கூடாதுன்னு கெர்னல்காரங்க ரொம்பக் கறாரா இருப்பாங்க. ஆனா கெர்னலுக்கு உள்ள இருக்கிற ஃபங்ஷன்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. உதாரணமா 'ஆக்சஸ் ஓகே'. முன்னாடி அதுக்கு மூணு ஆர்கியுமென்ட். 2019ல வந்த 5.0ல ரெண்டா குறைச்சுட்டாங்க. பழைய டிரைவர் மூணு கொடுக்கும், கம்பைலர் ரெண்டுதான் வாங்குவேன்னு நிக்கும். முதல் ஆர்கியுமென்ட்டை எடுத்துட்டா போதும். பழைய கெர்னல்லயும் ஓடணும்னா, பதிப்பைச் சோதிக்கிற ஒரு நிபந்தனை போட்டுக்கலாம்.

ஆனா எல்லாமே இவ்வளவு சுலபம் இல்ல. 2018ல வந்த 4.15ல 'செட்டப் டைமர்' போய் 'டைமர் செட்டப்' வந்துச்சு. பெயரைத் திருப்பிப் போட்டா போதும்னு தோணும். உண்மையில டைமர் கூப்பிடுற ஃபங்ஷனுக்கு வர்ற தரவே மாறிடுச்சு. முன்னாடி நாம கொடுத்த தரவு வரும். இப்போ டைமரோட முகவரி வரும். டைப் ஒத்துப்போகலன்னு வர்ற எரரை காஸ்ட் போட்டு அடக்கினா பில்டு ஆகிடும். ஆனா ஓடும்போது மெஷினே உறைஞ்சு போகலாம். ஒரு சாதாரண செயலி தப்பு பண்ணா அது மட்டும் மூடும். கெர்னல் தப்பு பண்ணா எல்லாமே நின்னு போகலாம். அதனால எரரை வாயடைக்காதீங்க. அந்த ஃபங்ஷன் ஏன் மாறுச்சுன்னு கெர்னலோட கிட் வரலாற்றுல தேடிப் படிங்க.

கடைசியா ஒண்ணு. இவ்வளவுக்கும் முன்னாடி, அந்த டிரைவர் கெர்னலுக்குள்ளயே வந்துடுச்சான்னு பாருங்க. உள்ள இருக்கிற ஃபங்ஷனை மாத்துறவங்கதான், அதைப் பயன்படுத்துற உள் டிரைவர்களையும் சரிசெய்யணும். வெளியில இருக்கிற டிரைவருக்கு அந்தப் பொறுப்பை ஏத்துக்க ஆள் இல்ல. அங்கதான் நாம மண்வெட்டியோட இறங்கணும்.