எச்சரிக்கை விளக்கும் கியர்ப் பெட்டியும்
பிக்கப் வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் அறியவேண்டியவை

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளே சரக்குக் கொண்டுவந்தன. இன்று அந்த இடத்தைச் சிறு சரக்கு மோட்டார் வண்டிகள் பிடித்துக்கொண்டுவிட்டன. 2005 ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி வெளிவந்தது. 2011 இல், நமது மாவட்டத்து ஓசூரில் அசோக் லேலண்டு தொழிற்சாலை செய்த தோஸ்த் வண்டி விற்பனைக்கு வந்தது. அவற்றிற்குச் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் கிராமந்தோறும் பரவியுள்ளன. நூற் சிப்பத்தை ஏற்றிவரும் நெசவாளருக்கும், பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்கு அனுப்பும் விவசாயிக்கும் வண்டியே இன்று வலது கை. அதன்மீது தவணைக் கடனும் இருப்பதால், வண்டி ஒரு நாள் நின்றால் வருமானம் நிற்கும், கடன் நிற்பதில்லை.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அதே சமயத்தில் வண்டி இழுக்கவில்லை, அல்லது கியர் சரியாக விழவில்லை என்பதே அது. உடனே “கிளட்ச் போய்விட்டது”, “கியர் பாக்ஸை இறக்கவேண்டும்” என்ற தீர்ப்பு பிறக்கிறது. பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியும், பிளேட்டின் விலையும், இரண்டு மூன்று நாள் வாடகை நஷ்டமும் சேர்ந்து ஒரு சிறிய குடும்பத்தின் மாதச் செலவை விழுங்கிவிடும். இவ்வளவும் செய்த பின்னர் அதே விளக்கு மீண்டும் எரிவதும் உண்டு. ஆதலால் நோயை அறியாமல் மருந்து கொடுக்கும் வழக்கத்தை நாம் விட்டொழித்தல் வேண்டும்.

விளக்குகளின் மொழி

எச்சரிக்கை விளக்குகளின் நிறங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே பொருள் தருவன. சிவப்பு அபாயத்தைக் குறிக்கும். மஞ்சள் கவனத்தை வேண்டும். பச்சை ஒரு கருவி வேலை செய்வதைத் தெரிவிக்கும். நீலம் முன் விளக்கின் உயர் ஒளியைக் காட்டும்.

ஓட்டத்தின்போது எண்ணெய்க் குடத்தின் வடிவிலுள்ள சிவப்பு விளக்கோ, என்ஜின் வெப்பத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கோ எரிந்தால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். “அடுத்த ஊர் வரை போய்விடலாம்” என்னும் எண்ணம் என்ஜினையே இழக்கச் செய்யும். என்ஜின் உருவம் வரைந்த மஞ்சள் விளக்கு அத்துணை அவசரமுள்ளதன்று. அது நிலையாக எரிந்து வண்டியும் இயல்பாக ஓடினால், சரக்கை இறக்கிவிட்டு விரைவிற் சோதிக்கலாம். பெட்ரோல் அல்லது எரிவாயு வண்டிகளில் அது விட்டுவிட்டு மின்னினால், எரிபொருள் சரியாக எரியாமல் புகைப் பாதையைக் கெடுக்கிறது என்று கொண்டு உடனே வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடுமுன், இவ்விளக்குகள் ஒரு கணம் எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பும்போதே எரியாத விளக்கு, பழுதற்றது என்று பொருளன்று. அந்த விளக்கே செத்திருக்கலாம், அல்லது யாரேனும் வேண்டுமென்றே அதைத் துண்டித்திருக்கலாம். பழைய வண்டி வாங்கும் அங்கத்தினர் இதனை முதலிற் பார்த்தல் நலம்.

விசைத்தறி வைத்திருப்போர்க்கு இது எளிதிற் புரியும். பாவு நூல் ஒன்று அறுந்தால் அதன்மேல் தொங்கும் தகடு விழுந்து தறி நிற்கிறது. எந்த நூல் அறுந்தது, ஏன் அறுந்தது என்பதைத் தகடு சொல்வதில்லை. நெசவாளரே தேடிக் காணவேண்டும். வண்டியின் மஞ்சள் விளக்கும் அத்தகையதே.

இழுக்காத வண்டி: இரு வேறு நோய்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் செல்லும் சாலை, ஆயிரம் அடிக்கு மேல் உயரம் ஏறுகிறது. பாரம் ஏற்றிய வண்டியின் உண்மையான நிலை இவ்வேற்றத்தில் வெளிப்பட்டுவிடும். வண்டி இழுக்காதபோது ஓட்டுநர் கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது என்ஜினின் சுற்று உயர்கிறதா, உயரவில்லையா?

என்ஜின் இரைச்சலுடன் வேகமாகச் சுற்றியும் வண்டியின் வேகம் கூடவில்லையெனில், கிளட்ச் நழுவுகிறது. பெரும்பாலும் கருகிய வாடையும் உடன் வரும். இப்படி நழுவுவதைப் பல வண்டிகளின் மின்னணுப் பெட்டி அறிவதேயில்லை. ஆகவே விளக்கு எரியாமலும் இருக்கலாம்.

மாறாக, எவ்வளவு மிதித்தும் என்ஜினே ஒரு வரம்புக்கு மேல் சுற்ற மறுத்து, மஞ்சள் விளக்கும் எரிந்தால், கிளட்ச்சில் குற்றமில்லை. ஏதோ ஓர் உணர்கருவியின் செய்தி தவறாக இருப்பதைக் கண்ட மின்னணுப் பெட்டி, என்ஜினைக் காக்கும் பொருட்டு அதன் வலிமையைத் தானே குறைத்துவிட்டது. இந்நிலையில் கிளட்ச் பிளேட்டை மாற்றுவது, கண் வலிக்குக் காலில் கட்டுப்போடுவதை ஒக்கும்.

கிளட்ச் நழுவுகிறது என்று தோன்றினாலும், பெட்டியை இறக்குமுன் மிதியில் சிறிது வெற்று அசைவு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அசைவே இல்லையெனில், கேபிள் இறுகியிருக்கலாம். அதைத் தளர்த்தினாலே குணமாகும் வண்டிகள் உண்டு. ஓட்டும்போது காலைக் கிளட்ச் மிதிமேலேயே வைத்திருக்கும் பழக்கமும் பிளேட்டைத் தின்னும். என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெய்க் கசிவு காணப்பட்டால், பிளேட்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. கசியும் ஆயில் சீலையும் மாற்றவேண்டும்.

என்ஜின் தன் வலிமையைக் குறைத்துக்கொண்டதாயின், செலவு குறைந்தவற்றை முதலிற் சோதிக்க வேண்டும். காற்று வடிகட்டி தூசியால் அடைந்திருக்கிறதா? டீசல் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா? டர்போவிலிருந்து செல்லும் காற்றுக் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கிறதா? இவற்றைப் பார்ப்பதற்குக் கண்ணும் ஒரு திருப்புளியும் பெரும்பாலும் போதும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி செய்யப்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியும் உண்டு. தோட்டத்திற்கும் சந்தைக்கும் மட்டும் குறுந்தூரம் ஓடும் வண்டியில் இது சூடேறாமல் கரி அடைந்துவிடும். அதற்குரிய விளக்கு எரிந்தவுடன், கையேட்டிற் கூறியபடி நெடுஞ்சாலையிற் சிறிது நேரம் ஒரே சீராக ஓட்டினால், கரி தானே எரிந்து போகும். அச்சமயம் புகைக்குழாய் கடும் வெப்பம் அடைவதால், வைக்கோல், சருகு, காய்ந்த புல் இவற்றின்மேல் வண்டியை நிறுத்தலாகாது.

ஒரே குற்றம், இரண்டு அறிகுறிகள்

விளக்கும் கியர்த் தொல்லையும் ஒரே காரணத்தால் வருவதும் உண்டு. பல வண்டிகளில் ஓட்டத்தின் வேகத்தை அறியும் சென்சார் கியர்ப் பெட்டியின்மேல் பொருத்தப்பட்டுள்ளது. அது கெட்டாலோ, அதன் ஒயர் அறுந்தாலோ, வேகமானியின் முள் துள்ளும் அல்லது விழுந்துவிடும். மஞ்சள் விளக்கும் எரியும். கிளட்ச் மிதியருகிலுள்ள சிறு சுவிட்சு பழுதானாலும் என்ஜின் தடுமாறக்கூடும். என்ஜினுக்கும் சேஸிக்கும் இடையேயுள்ள எர்த் கம்பி துருப்பிடித்துத் தளர்ந்தால், சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒருங்கே எரியும். பேட்டரி வலுவிழந்தாலும் அவ்வாறே.

கிராமப்புறத்தில் மற்றொரு பகைவனும் உண்டு, அதுதான் எலி. தானியக் கிடங்கின் அருகிலும் மாங்காய்க் குவியலின் அருகிலும் நிறுத்திய வண்டியில் ஏறி, ஒயர்களைக் கடித்துவிடுகிறது. சில நாள் நின்ற வண்டியில் திடீரென விளக்கு எரிந்தால், முதலில் ஒயர்களைப் பார்க்க வேண்டும்.

சத்தம் சொல்லும் செய்தி

கியர்ப் பெட்டியின் பல குற்றங்களை மின்னணுப் பெட்டி அறியாது, காதுதான் அறியும். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது இரைச்சல் கேட்டு, கிளட்ச்சை மிதித்தவுடன் அது நின்றால், கியர்ப் பெட்டியின் முன் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதித்தால் மட்டும் இரைச்சல் வந்தால், ரிலீஸ் பேரிங்கை ஐயுறுக. எல்லாக் கியர்களும், குறிப்பாக ரிவர்ஸ் கியர், கரகரவென்று விழுந்தால் கிளட்ச் முழுதும் விடுபடவில்லை. கேபிளையோ, கிளட்ச் ஆயிலின் அளவையோ பார்க்கவேண்டும். ஒரு கியர் மட்டும் கரகரத்தால், அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்துள்ளது. வண்டி புறப்படும்போது ‘டக்’ என்னும் ஓசை கேட்டால் யூ.ஜே. கிராஸையும், வேகத்துடன் கூடிக்கொண்டே போகும் ஊளை பின்புறத்திலிருந்து எழுந்தால் கிரவுனையும் சோதித்தல் வேண்டும்.

கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வருவதைச் சிறு குறை என்று எண்ணி ஓட்டுவோர் உளர். இது பெருந்தவறு. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் நடந்த விபத்துகளை நாம் அறிவோம். பாரம் ஏற்றிய வண்டியை இறக்கத்தில் அடக்கி வைப்பது கியரும் என்ஜினும் சேர்ந்தே. அங்கே கியர் கழன்றால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. டீசல் மிச்சப்படுத்துவதாகக் கருதி இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் இதே அபாயத்தைத் தானே வரவழைப்பதாகும்.

கியர் ஆயிலின் அளவைச் சமதரையில் வண்டியை நிறுத்தி, பக்கத்து அடைப்பைத் திறந்து பார்க்கலாம். பொதுவாக எண்ணெய் துவாரத்தின் விளிம்புவரை நிற்கவேண்டும். கையேட்டிற் சொல்லிய வகையையே ஊற்றுக. கிரவுனுக்குரிய சில எண்ணெய்கள் கியர்ப் பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கக் கூடியவை.

ஸ்கேனரும் அதன் எல்லையும்

ஸ்டியரிங்கின் கீழ்ப்புறம் 16 முனைகள் கொண்ட ஒரு துவாரம் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால், மின்னணுப் பெட்டி குறித்துவைத்த குற்ற எண்கள் தெரியும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களுக்கு இம்முறை கட்டாயமாயிற்று. பின்னர் மற்ற நாடுகளும் இதைத் தழுவின. ‘பி 0500’ என்பது வேகச் சென்சாரின் செய்தியில் குற்றம் என்பதைக் குறிக்கும். தானே கியர் மாற்றும் வண்டிகளில் ‘பி 0700’ வந்தால், கியர்ப் பெட்டிக்குரிய தனி மின்னணுப் பெட்டி வேறொரு குற்றத்தைக் கண்டுள்ளது என்று மட்டுமே பொருள். உண்மையான எண்ணை அந்தப் பெட்டியிலிருந்து மறுபடி படிக்கவேண்டும். ‘பி 0700’ ஐ மட்டும் கண்டு கியர்ப் பெட்டியை மாற்றச் சொல்வோரை நம்பலாகாது.

எண் சொல்வது குற்றம் காணப்பட்ட இடத்தை. மாற்றவேண்டிய பொருளை அன்று. மாவிலை மஞ்சளித்தால் சத்துக் குறைவு, நீர்த் தேக்கம், வேர் நோய் ஆகிய மூன்றில் எதுவும் காரணமாகலாம் என்பதை விவசாயி அறிவார். அதுபோலச் சென்சார் எண் வந்தால், முதலில் அதன் ஒயரையும் செருகியையும் பார்த்துப் பிறகே சென்சாரை வாங்கவேண்டும்.

ஒர்க்ஷாப்புக்குப் போகுமுன்

1. எந்த விளக்கு, எந்த நிறம், எந்தக் கியரில், என்ன வேகத்தில், ஏற்றத்திலா சமதரையிலா என்பதை எழுதி வைத்துக்கொள்க. எரியும் விளக்கைக் கைப்பேசியில் படமெடுப்பதும் நன்று.

2. விளக்கை அணைப்பதற்காகப் பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். பல வண்டிகளில், குற்றம் நேர்ந்தபோது பதிவான வேகமும் வெப்பமும் அதனால் அழிந்துவிடும். நோய் இருக்க, சாட்சி மட்டும் போய்விடும்.

3. எதையும் கழற்றுமுன் குற்ற எண்ணைப் படித்து எழுதித் தரும்படி மெக்கானிக்கைக் கேளுங்கள். வேலை முடிந்தபின் மீண்டும் படித்து, எண் திரும்ப வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. பெட்டியை இறக்கச் சொன்னால், எந்தச் சோதனையால் அம்முடிவுக்கு வந்தார் என்று மரியாதையாக வினவுங்கள். நல்ல மெக்கானிக் இக்கேள்வியால் வருந்தமாட்டார். மாற்றிய பழைய உறுப்புகளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

5. உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியாயின், வெளியிற் கழற்றுமுன் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் காட்டுங்கள்.

சிறிய ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆயினும் எல்லா வண்டிக்கும் அது ஒத்துவராது. ஓர் ஊரில் ஒரே வகை வண்டி வைத்திருக்கும் நான்கைந்து அங்கத்தினர் சேர்ந்து, தங்கள் வண்டிக்குப் பொருந்துவதைப் பார்த்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வண்டியில் வந்த எண்ணும் அதற்குக் கண்ட பரிகாரமும் ஒரே நோட்டில் எழுதப்பட்டால், அடுத்தவர்க்கு அது பாடமாகும். மாங்காய்ப் பருவம் தொடங்குமுன்னரே இந்தச் சோதனைகளை முடித்துவைத்தல் நலம். மரத்தில் காய் காத்திருக்கும். பறித்து ஏற்றிய காய் காத்திராது.