விளையாடிய மண் – 6: பந்தை அடக்குங்கள், மேட்டை வெட்டாதீர்கள்

2023 பிப்ரவரியில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு சின்னக் கல்பாலத்தின் முன்னால் புதிதாகக் கல் பாவினார்கள். ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில், ஸ்வில்கன் ஓடையைக் கடக்க உதவும் பழைய பாலம் அது. வயது 700-க்கு மேல் என்கிறார்கள். படம் எடுக்க வருகிறவர்களின் காலடி பட்டுப் புல் தேய்ந்துபோகிறது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். பல நாடுகளிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களிலேயே கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். நல்லது.

ஆனால் அதைவிடப் பெரிய கை வைப்பு 2012 கடைசியில் நடந்தது. 17-வது குழியின் கிரீனை (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு) ஒட்டி, செங்குத்துச் சுவரோடு ஆழமாக ஒரு பங்கர், அதாவது மணல் பள்ளம், உண்டு. உலகக் கோல்ஃபில் அதற்கு அஞ்சாதவர் இல்லை. அதை வலப்பக்கம் அரை மீட்டர் அகலப்படுத்தினார்கள். 11-வது கிரீனின் பின்புறச் சரிவையும் தணித்தார்கள். அமெரிக்க மைதான வடிவமைப்பாளர் டாம் டோக் முதலியோர் எதிர்த்தும் வேலை நிற்கவில்லை.

அந்தச் சரிவு என்ன குற்றம் செய்தது? முன்பெல்லாம் புல் கொஞ்சம் நீளமாக இருக்கும். பந்து மெதுவாக உருளும். இப்போது தரையோடு தரையாக வெட்டுகிறார்கள். அந்த வேகத்தில் பழைய சரிவில் பந்து நிற்காது. அங்கே குழியும் வைக்க முடியாது. புல்லைக் கொஞ்சம் வளரவிட்டிருக்கலாம். மண்ணை மாற்றினார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மைதானம் எப்போதும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது என்று எதிர்வாதம் வைக்கிறார்கள். உண்மைதான். 1764-ல் 22 குழிகள் 18 ஆயின. இன்றைய 18-வது கிரீனை 19-ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் அன்றைய மைதானப் பராமரிப்பாளர் ஓல்டு டாம் மாரிஸ். அவையெல்லாம் ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்டத்துக்காகச் செய்துகொண்டவை. இன்றைய மாற்றங்களோ, சில நூறு தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தை அடிக்கும் தூரத்துக்காகச் செய்யப்படுபவை. 2000 பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டிக்கு 7,115 கெஜமாக இருந்த நீளம் 2022-ல் 7,313 ஆனது. 2027-க்கு 7,445 என்று அறிவித்திருக்கிறார்கள். 17-வது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம் 2010-லேயே மைதான எல்லையைத் தாண்டிப் பயிற்சித் திடலுக்குள் போய்விட்டது.

இந்த நிலம் அந்த ஊர் மக்களுடையது. அவர்கள் அங்கே ஆடும் உரிமையை 1552 சாசனமே பேசுகிறது. 1797-ல் கடன்பட்ட நகராட்சி அதை விற்க, முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போய், ஊரே ஆண்டுக்கணக்கில் போராடியது. 1894-ல் சட்டம் போட்டு மீட்டார்கள். இன்றும், பெரிய போட்டிகள் நடக்கும் நாட்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு உலாவுகிறார்கள்.

இந்த மண்ணை மாற்றாமலிருக்க வழி உண்டு. பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்கும் விதியை, கோல்ஃபை ஆளும் இரு அமைப்புகளும் 2023 டிசம்பரில் அறிவித்தன. பந்து தயாரிப்பாளர்கள் எதிர்க்கிறார்கள். அவர்களுக்குப் பணிந்து அந்த விதியை நீர்த்துப்போக விடக் கூடாது. தொழிற்சாலையில் பந்தை மறுபடி வடிவமைக்கலாம். காற்றும் மணலும் நூற்றாண்டுகளாகக் குவித்த மேட்டை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது.