விளங்கவில்லை என்ற சொல்

பெரியபட்டினத்துக் கடற்கரையில் நிற்குந்தோறும் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. விஞ்ஞானத் துறையில் புகவேண்டுமென்ற நாட்டம் இளம் உள்ளத்தில் எவ்வாறு பிறக்கிறது?

நம் மாவட்டத்து இராமேசுவரத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஐந்தாம் வகுப்பில், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். விளங்கவில்லை என்றனர் மாணவர். அவர் சினக்கவில்லை, வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளைக் காட்டி விளக்கினார். அம்மாணவருள் ஒருவர் அப்துல் கலாம். அன்று முளைத்த வேட்கையை, இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அய்யாதுரை சாலமன் ஊக்கி வளர்த்தார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக் கோளை விண்ணில் செலுத்திய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநர் கலாமே.

மாணவ நண்பர்களே! உத்தியோகமும் ஊதியமும் பற்றிய அறிவுரை மட்டும் ஆர்வத்தை விளைவிப்பதில்லை. கண்ணெதிரே காணும் பொருளோடு பாடம் இணையவேண்டும்; பொறுமையுள்ள ஆசிரியர் வாய்க்கவேண்டும். உங்கள் பங்கும் ஒன்றுண்டு. கடல்நீர் ஏன் ஏறி இறங்குகிறது, பாரமான படகு ஏன் மிதக்கிறது என்று வினவுங்கள். விளங்காததை விளங்கவில்லை என்று கூற நாணாதீர்கள். அன்று அம்மாணவர் வாய்மூடி இருந்திருப்பின், அந்தக் கடற்கரைப் பாடமே நிகழ்ந்திராது.