மண்ணெண்ணெய் எஞ்சினும் ஒரு போத்தல் ஒயிலும்

குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் தோட்டங்களில் மாரி ஓய்ந்து வெங்காயம் நட்டதும் கேட்கத் தொடங்குவது நீரிறைக்கும் சிறு எஞ்சின்களின் சத்தம். பயிர் நிற்பதும் வாடுவதும் அந்த எஞ்சினின் கையில்தான். ஆனால் மாட்டுக்குத் தவறாமல் தண்ணீர் காட்டும் தோட்டக்காரர் பலர், எஞ்சினுக்கு ஒயில் பார்ப்பதை நாளைக்கு என்று தள்ளிப்போடுவதைக் காண்கிறோம்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்க் குதங்களைக் கொண்ட சீனக்குடாவை அருகில் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு இம்மாவட்ட மக்களும் கானோடு வரிசையில் நின்றார்கள்! எரிபொருளை வீணாக்கவோ, எஞ்சினைக் கெடுத்துவிட்டுப் புதிது வாங்கவோ இன்று யாருக்கு வசதி இருக்கிறது?

பெற்றோல் குளிரிலும் இலகுவில் ஆவியாகும்; மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் பெற்றோலுக்கென்று சிறு தாங்கி தனியே இருப்பது அதனால்தான். பெற்றோலில் ஸ்ராட் செய்து, சில நிமிடம் ஓடிச் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் சற்று ஓடவிட்டால் காபரேற்றரில் பெற்றோல் நிறைந்திருக்கும். மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகாது.

பெற்றோலை மிச்சம் பிடிக்க எண்ணிக் குளிர்ந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டால், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். இளகிய ஒயில் உலோகத்தில் ஒட்டி நிற்காது. பிஸ்ரனும் சிலிண்டரும் உராய்ந்து தேயும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஒயில் மட்டம் குறையாது, ஏறும்! ஒயில் நிறைய இருக்கிறதென்று உரியவர் மகிழ்ந்திருப்பார். மட்டம் ஏறியிருந்தால் மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

நமது வெக்கைக்கு எஸ்.ஏ.ஈ. 30 ஒயில் ஏற்றது. புதிய எஞ்சினுக்கு முதல் 20 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் மாற்றுவது பெற்றோல் எஞ்சின்களுக்குரிய பொதுக் கணக்கு. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு அதற்கு முந்தியே மாற்றுவது நல்லது. நாளுக்கு 4 மணித்தியாலம் இறைத்தால் 25 நாளில் 100 வந்துவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஒயிலை வடியவிடுங்கள். அழுக்கும் சேர்ந்து இறங்கும். அதைக் கிணற்றடியில் ஊற்றவே வேண்டாம். மணல் நிலத்தில் அது கீழே இறங்கிக் குடிதண்ணீரில் சேரும். கானில் சேர்த்துக் கராச்சில் கொடுக்கலாம்.

புல்வெட்டும் மெசின் வேறு சாதி. பெரும்பாலானவற்றில் தனி ஒயில் இடம் கிடையாது. 2ரி ஒயிலைப் பெற்றோலிலேயே கலக்க வேண்டும். கைநூலில் 50க்கு 1 என்றிருந்தால் லீற்றருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி.

ஐப்பசி மழை இறங்கி இறைப்பு நின்றதும் தாங்கியையும் காபரேற்றரையும் வெறுமையாக்குங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்துப் பிளக்கைப் பூட்டுங்கள். பிறகு மீண்டும் இழுத்து, கயிறு இறுகும் இடத்தில் விடுங்கள். அந்த நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதால் கடற்காற்றின் உப்பீரம் உள்ளே போகாது.