புதிய இயங்குதளம் வரும் வேளையில் கணினி வாங்குவது

புதிய இயங்குதளம் ஒன்றின் அறிவிப்பு வந்ததும் கணினி வாங்க இருந்தவர்கள் தயங்குகிறார்கள். உண்மையில் அது வெளியாகும் தேதியைவிட, அதற்கு என்ன வன்பொருள் வேண்டும் என்பதே முக்கியம்.

இதற்கு விண்டோஸ் விஸ்டா நல்ல சான்று. 2006 ஆண்டிறுதிப் பண்டிகை விற்பனைக்கு வரவேண்டிய விஸ்டா, 2007 ஜனவரி 30-க்குத் தள்ளிப்போனது. இடையில் விற்பனை படுத்துவிடக் கூடாது என்று, கடைகளில் இருந்த எக்ஸ்பி கணினிகள்மீது ‘விஸ்டா கேப்பபிள்’ என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. ஆனால் 512 எம்பி ராம் இருந்தாலே அந்த ஸ்டிக்கர் கிடைத்தது. விளம்பரங்களில் மின்னிய ஏரோ திரைத்தோற்றத்துக்கோ 1 ஜிபி ராமும் தகுந்த கிராபிக்ஸ் சிப்பும் தேவைப்பட்டன. இன்டெல் 915 சிப்செட் கொண்ட லேப்டாப்களில் ஏரோ இயங்கவே இல்லை. அவற்றுக்கும் ஸ்டிக்கர் உண்டு. வாங்கியவர்கள் 2007-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கில் வெளிவந்த மின்னஞ்சல்களில், தான் வாங்கிய 2,100 டாலர் லேப்டாப் மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று மைக்ரோசாஃப்ட் துணைத் தலைவர் மைக் நேஷ் எழுதியதும் இருந்தது. நிறுவனத்தின் உள்ளே இருந்தவரையே அந்த ஸ்டிக்கர் ஏமாற்றியது என்றால் சாதாரண வாடிக்கையாளர் என்ன செய்வார்?

அந்தக் காலத்தில் காத்திருப்பதற்கு வேறொரு காரணமும் இருந்தது: புதிய பதிப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால்தான் 2009 ஜூன் 26 முதல் தகுதியுள்ள விஸ்டா கணினி வாங்கியவர்களுக்கு விண்டோஸ் 7 தரும் திட்டம் வந்தது. 2012-இல் விண்டோஸ் 7 கணினி வாங்கியவர்களுக்கு விண்டோஸ் 8 வெறும் 14.99 டாலருக்குக் கிடைத்தது. ஆப்பிள் 2013-லும் மைக்ரோசாஃப்ட் 2015-லும் மேம்படுத்தலை இலவசமாக்கியதும் இந்தக் காரணம் மறைந்தது.

கேள்வி இப்போது வன்பொருள் பக்கம் திரும்பிவிட்டது. 2021 அக்டோபர் 5-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாக்கியது; இன்டெல் ப்ராசஸர்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்றது. 2017-இல் ஏழாம் தலைமுறை லேப்டாப் வாங்கியவரின் கருவி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தும், நான்கே ஆண்டுகளில் விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலுக்கு வெளியே போனது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

ஆப்பிளின் கதை இன்னும் கூர்மையானது. 2020 மார்ச்சில் இன்டெல் ப்ராசஸருடன் ஒரு மேக்புக் ஏர் வந்தது. ஜூன் மாதத்தில், சொந்த சிப்புக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. நவம்பரில் எம்1 சிப்புடன் அடுத்த ஏர் வந்தது. இரண்டின் தொடக்க விலையும் 999 டாலர்தான். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ எம்1 ஏரில் ஓடுகிறது. இன்டெல் ஏருக்கு அது கிடைக்கவில்லை. ஜூன் அறிவிப்புக்குப் பிறகு ஐந்து மாதம் பொறுத்தவர்கள் பல ஆண்டு ஆயுளைப் பெற்றார்கள்.

ஆகவே காத்திருக்க வேண்டியது, ப்ராசஸரோ பாதுகாப்பு சிப்போ மாறப்போகிறது என்று தெரியும்போதுதான். திரையின் தோற்றமும் சில வசதிகளும் மட்டும் மாறும் ஆண்டுப் பதிப்புக்காக, தேவைப்படும் கணினியைத் தள்ளிப்போடுவது வீண். அத்துடன், வெளியான முதல் சில மாதங்களில் புதிய இயங்குதளம் தொல்லை தருவதும் உண்டு. விஸ்டா வந்தபோது பிரிண்டர், ஸ்கேனர் பலவற்றுக்கு டிரைவர் தயாராக இருக்கவில்லை. பழைய கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துவோர், அது புதிய பதிப்பில் ஓடும் என்று உறுதியாகும்வரை பழைய பதிப்பிலேயே இருப்பது பாதுகாப்பு.

வாங்கும்போது, பெட்டியின்மேல் ஒட்டியிருப்பதை நம்பாமல், ப்ராசஸரின் முழு மாடல் எண்ணை இயங்குதள நிறுவனம் வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். குறைந்தபட்சத் தேவை என்று அறிவிக்கப்படும் அளவு, இயங்குவதற்கு மட்டுமே போதும். விண்டோஸ் 11-க்கு அது 4 ஜிபி ராம். பல லேப்டாப்களில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், பின்னால் கூட்டிக்கொள்ள வழியில்லை. தேவையானதை வாங்கும் அன்றே கேட்டுப் பெற வேண்டும். பழைய மாடல் விலை குறைத்து விற்கப்பட்டால், அந்தக் கணினிக்கு இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும் என்று பார்த்த பிறகே அது லாபமா என்று முடிவு செய்யலாம்.