உத்தியும் பிழையும்: சமச்சீரற்ற திகில் விளையாட்டுகளில் தோல்வியின் பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் வேட்டையாடப் பலர் தப்ப முயலும் இணையவழித் திகில் விளையாட்டுகளில், தோல்வி எதிரியின் உத்தியால் நேர்ந்ததா, ஆடுநரின் பிழையால் நேர்ந்ததா என்ற வினா ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் எழுகிறது. ஒரு செயலை மட்டும் தனித்து நோக்கி அதனை உத்தி என்றோ பிழை என்றோ வகைப்படுத்த இயலாது என்பதை, ‘டெட் பை டேலைட்’ விளையாட்டின் விதிகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சமச்சீரற்ற விளையாட்டு, உத்தி, ஆடுநர் பிழை, தகவல் ஏற்றத்தாழ்வு, ஆட்டக் கோட்பாடு

முன்னுரை

தமிழர் நன்கறிந்த ஆடுபுலி ஆட்டமும் சமச்சீரற்ற விளையாட்டே. 3 புலிகளுக்கும் 15 ஆடுகளுக்கும் எண்ணிக்கை, வெட்டும் உரிமை, வெற்றி இலக்கு ஆகிய மூன்றும் வேறு. எனினும் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரிகின்றன. 15 ஆடுகளையும் ஒரே மனம் நகர்த்துகிறது. ஆகவே ஓர் ஆட்டின் பின்புறப் புள்ளியைக் காலியாக விட்டு அதனைப் பறிகொடுத்தவர், வேண்டுமென்றே பலிகொடுத்திருந்தாலன்றி, பிழை செய்தார் எனத் தயக்கமின்றிக் கூறலாம். கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள பிஹேவியர் இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி 2016 ஜூனில் வெளியான ‘டெட் பை டேலைட்’ விளையாட்டில் இவ்விரு நிபந்தனைகளும் இல்லை. பிழையை அடையாளம் காண்பது அங்குக் கடினமாவதற்குக் காரணம் இதுவே.

அமைப்பும் தகவல் பங்கீடும்

இவ்விளையாட்டில் ஒரு கொலையாளியை நால்வர் எதிர்கொள்கின்றனர். களத்திலுள்ள 7 மின்னாக்கிகளுள் எவையேனும் 5ஐப் பழுதுநீக்கினால் வெளிவாயிலைத் திறந்து நால்வரும் தப்பலாம். கொலையாளி அவர்களை வீழ்த்திக் கொக்கிகளில் மாட்டுகிறார். மூன்றாம் முறை மாட்டப்பட்டவர் ஆட்டத்தை இழக்கிறார்.

கொலையாளி பெரும்பாலும் தன் கண்வழியே களத்தைக் காண்கிறார். தப்புவோரோ தம் உருவத்திற்குப் பின்னிருந்து காண்பதால், சுவரின் மறைவில் நின்றவாறே மறுபுறத்தை நோட்டமிட முடிகிறது. மறுதலையாக, மின்னாக்கிகள் எங்குள்ளன என்பது தொடக்கத்திலேயே கொலையாளிக்குத் தெரியும். தப்புவோர் அவற்றைத் தேடிக் கண்டறிய வேண்டும். நால்வரும் பேசிக்கொள்ள விளையாட்டிற்குள் குரல்வழி வசதி இல்லை. அறிமுகமற்ற நால்வர் ஓர் அணியாகும்போது, ஆடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி மனத்தோடு நகரும் ஆடுபுலி ஆட்டத்தை ஒத்த நிலை உருவாகிறது.

கொக்கியருகே காத்திருத்தல்

கொக்கியில் மாட்டியவரை விட்டகலாது கொலையாளி அருகிலேயே நிற்பது பெரும் பூசலுக்குரிய செயல். அதன் தரத்தைக் கணக்கிட்டே அறியலாம். 2022 ஜூலைத் திருத்தத்தால், தனி ஒருவர் ஒரு மின்னாக்கியைப் பழுதுநீக்கும் நேரம் 80 விநாடியிலிருந்து 90 விநாடியாயிற்று. முதன்முறை மாட்டப்பட்டவர் கொக்கியில் தாக்குப்பிடிக்கும் காலம், அத்திருத்தத்தின்போது, கட்டத்திற்கு 60 விநாடியாக இரு கட்டங்கள், ஆக 120 விநாடியாக இருந்தது. இக்காலத்தில் எஞ்சிய மூவரும் தனித்தனியே பழுதுநீக்கினால் 360 விநாடி உழைப்பு கிட்டும். இடம்பெயரும் நேரத்தை விலக்கிப் பார்த்தால் அது 4 மின்னாக்கிகளுக்குச் சமம். ஒருவரைக் கொல்லக் கொலையாளி கொடுக்கும் விலை, தேவையான ஐந்தில் நான்கு. இக்கணக்கின்படி, காத்திருத்தல் கொலையாளியின் பிழை.

ஆனால் மூவரும் உழைப்பதில்லை. ஒருவர் மீட்க வந்து அடிபடுகிறார். அவரைக் காக்க இன்னொருவர் வருகிறார். மின்னாக்கிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இப்போது அதே காத்திருத்தல் வெற்றி தரும் உத்தியாகிவிடுகிறது. கொலையாளியின் செயலில் எள்ளளவும் மாற்றமில்லை. எதிர்வினையே அதன் பெயரை மாற்றியது. மீட்க வந்தவரையும் எளிதில் குறைகூற இயலாது. மீட்டலுக்கு விளையாட்டே புள்ளிகள் வழங்குகிறது. பிறர் மீட்கச் செல்கின்றனரா என்பதைத் திரையில் உணர்த்தும் குறிகள் வெளியீட்டின்போது இல்லை; பின்னரே சேர்க்கப்பட்டன. எவரும் செல்லாதிருப்பதும் இருவர் ஒருசேரச் செல்வதும் அத்தகைய அறியாமையின் இயல்பான விளைவுகள்.

தூண்டப்படும் பிழை

பழுதுநீக்கும்போது திடீரெனத் தோன்றும் வட்டத்தில் உரிய கணத்தில் பொத்தானை அழுத்தத் தவறினால் மின்னாக்கி வெடித்து, இருக்குமிடத்தைக் கொலையாளிக்குக் காட்டிக்கொடுக்கும். இதனைத் தூய கைப்பிழை எனலாம். ஆயினும் ‘மருத்துவர்’ என்னும் கொலையாளியின் தாக்குதலால் பித்தநிலைக்கு ஆளானவருக்கு அவ்வட்டம் திரையின் வெவ்வேறு இடங்களில் தோன்றும். அங்குக் கைப்பிழையும் எதிரியின் விளைச்சலே. சுவரைச் சுற்றித் துரத்தும்போது கொலையாளியின் முன்விழும் செந்நிற ஒளியைக் கொண்டே அவர் வரும் திசையைத் தப்புவோர் கணிக்கின்றனர். அவர் பின்னோக்கி நடந்து அவ்வொளியை மறைத்தால் கணிப்பு தவறுகிறது. தவறான பக்கம் ஓடியவர் பெற்ற சான்றுக்கு உகந்தே முடிவெடுத்தார். சான்றுதான் பொய்யானது.

மூன்று மின்னாக்கிச் சிக்கல்

நான்கு மின்னாக்கிகள் முடிந்தபின் எஞ்சிய மூன்றும் அருகருகே அமைந்துவிட்டால், கொலையாளி அச்சிறு பரப்பை மட்டும் சுற்றிவந்து, பகுதியளவு பழுதுநீக்கப்பட்டவற்றை உதைத்துப் பின்னடையச் செய்து ஆட்டத்தை நீட்டிக்கலாம். ஆட்டம் முடிந்தபின் ‘மின்னாக்கிகளைத் தவறாகத் தேர்ந்தீர்கள்’ என்ற பழி தப்புவோர் மீது விழுகிறது. இப்பழியில் ஓரளவே நியாயமுண்டு. ஒவ்வொருவரும் தமக்கு அருகில் இருந்ததும் ஆபத்துக் குறைந்ததுமான மின்னாக்கியைத் தேர்ந்தனர். தனித்தனியே நோக்கின் நான்கு முடிவுகளும் ஏற்கத்தக்கவை. அவற்றின் கூட்டுத்தொகையே பிழையாயிற்று. அக்கூட்டுத்தொகையை முன்னரே காணத்தக்க இடத்தில் இருந்தவர் ஏழின் அமைவிடங்களையும் அறிந்த கொலையாளி ஒருவரே; காக்க எண்ணிய மூன்றை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் தேர்ந்துகொள்ள முடியும். தேர்ந்த ஆடுநர் இதனைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றனர் என்பது உண்மை. எனினும் அக்கல்வி ஒருவருக்கு வாய்த்தால் போதாது. முன்பின் அறியாத பிற மூவருக்கும் அப்பொழுதே வாய்க்க வேண்டும்.

நெடுங்காலம் ஆடுநரின் கவனக்குறைவாகக் கூறப்பட்டுவந்த இச்சிக்கலுக்கு உருவாக்குநர்கள் 2024 ஜனவரியில் விதியின் வழியாகத் தீர்வு தேடினர். அத்திருத்தத்தின்படி, 8 முறை பின்னடைவுக்கு உள்ளான மின்னாக்கியைக் கொலையாளி மேலும் சேதப்படுத்த இயலாது.