துணியை வெட்டும் முன் கதையை எழுதுங்கள்



வாழ்நாளெல்லாம் தையல், எம்பிராய்டரி, நெசவு என்று உழைத்து ஓய்வு பெற்ற சகோதரிகள் நம் குழுக்களில் நிறையப் பேர் உண்டு. வேலையை விட்டாலும் கை சும்மா இருக்காது. "பேரப்பிள்ளைங்களுக்கு நம்ம கையால ஏதாவது செஞ்சு வைக்கணும், நம்ம குடும்பம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லணும்" என்ற ஆசையும் இருக்கும். கைவேலை, குடும்ப வரலாறு இரண்டையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

நம் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள லம்பாடிப் பெண்கள் ஒரு காலத்தில் கண்ணாடித் துண்டும் சோழியும் வைத்துத் தாங்களே பூவேலை செய்த பாவாடை, ரவிக்கைதான் அணிந்தார்கள். பிறகு எல்லோரும் சேலைக்கு மாறினார்கள். இரண்டு தலைமுறை போவதற்குள் அந்தத் தையல் ஓரிரு மூத்த பெண்களுக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை வந்துவிட்டது.

அந்த மூதாட்டிகளிடமிருந்துதான் 2000-களில் இளம்பெண்கள் மறுபடி கற்றுக்கொண்டார்கள். 1993-இல் அங்கே தொடங்கப்பட்ட பழங்குடி மக்கள் மருத்துவ அமைப்பு இதற்குத் துணை நின்றது. இன்று 'போர்கை' என்ற கைவினைஞர் சங்கமாக அது நடக்கிறது. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பெருமை' என்று பொருள். இன்னும் கொஞ்ச காலம் யாரும் போய்க் கேட்காமல் இருந்திருந்தால்? சொல்லிக்கொடுக்க ஆளே இருந்திருக்காது. துணி பெட்டியில் காத்திருக்கும். பாட்டி காத்திருக்க முடியாது.

துணி மட்டும் இருந்தால் போதுமா?

போதாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டிப் போர்வை தைத்த ஊர் அது. 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண் இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்காகவே தைத்தது அது. பிற்காலத்தில் அவர் மகள் இதைச் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. மகள் வாய் திறக்காமல் இருந்திருந்தால், பார்ப்பவருக்கு அது சாயம் போன பழந்துணிதானே?

வெட்டும் முன் ஐந்து வேலை

பாட்டியின் சேலையை வெட்டிப் போர்வை தைத்தால் போர்வை கிடைக்கும், சேலை போய்விடும். ஆகவே கத்தரிக்கோலை எடுக்கும் முன்:

1. சேலையை விரித்து முழுதாக ஒரு படம், முந்தானை, கரை இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு படம் எடுங்கள்.
2. நீளம், அகலம், கரையின் அளவு எழுதுங்கள்.
3. யார் வாங்கியது, எந்தக் கடை அல்லது சந்தை, என்ன விசேஷம், என்ன விலை, பிறகு யார் கட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.
4. கரையோடு சேர்த்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள்.
5. பெயரும் வருடமும் எழுதிய நாடாவை அதில் தைத்துவிடுங்கள். குண்டூசி குத்தினால் துருப்பிடிக்கும்.

கல்யாணச் சேலை போல ஒன்றே ஒன்று இருந்தால் வெட்டவே வேண்டாம். துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்தால் ஜரிகை ஒரே இடத்தில் முறியாது.

பேச வைப்பது எப்படி?

"உன் கதையைச் சொல்லு" என்றால், "எனக்கென்ன கதை, போடி!" என்பார்கள். பழைய துணியைக் கையில் கொடுங்கள். தானாகப் பேச்சு வரும். நீங்களும் ஏதாவது தைத்துக்கொண்டே கேளுங்கள். செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். நம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வரும். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

தேதி தெரியாத காகிதமா?

பழைய பத்திரம், ரசீதில் தேதி அழிந்திருந்தாலும் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

• நம் ஊர்க் காகிதத்தில் 'சேலம் ஜில்லா' என்றிருந்தால் தர்மபுரி மாவட்டம் பிரிந்த 1965-க்கு முந்தையது. 'தர்மபுரி மாவட்டம்' என்றிருந்தால் 1965-க்கும், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-க்கும் இடைப்பட்டது.
• எல்லைக்கு அப்பால் உள்ள சொந்தக்காரர் காகிதத்தில் 'மைசூர் மாநிலம்' என்றிருந்தால், கர்நாடகம் என்று பெயர் மாறிய 1973-க்கு முந்தையது.
• விலை அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன், அல்லது அதை ஒட்டிய காலம். அந்த வருடம்தான் நயா பைசா வந்தது.
• கர்ணம் கையெழுத்து இருந்தால் 1980-க்கு முந்தையது. அந்தப் பதவி அப்போது ஒழிக்கப்பட்டது.

இன்னொரு பொக்கிஷம் நம்மிடமே இருக்கிறது. தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான்; கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தது. அன்று சேர்ந்த அக்காக்கள் இன்று பாட்டிகள். முதல் கடன் யார் வாங்கினார், மாட்டுக்கா, தையல் மெஷினுக்கா, பிள்ளை படிப்புக்கா என்பதெல்லாம் பழைய தீர்மானப் புத்தகத்தில் இருக்கும். கரையான் அரிக்கும் முன் எடுத்துப் பாருங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நேரத்தைப் பிரிப்பது

வாரத்தில் ஒரு மதியம் கேட்பதற்கு, மற்ற நாள் தையலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதை அன்றிரவே நோட்டில் எழுதிவிட வேண்டும். "எல்லாக் கதையும் சேரட்டும், பிறகு தைக்கலாம்" என்று இருந்தால் ஊசி துருப்பிடிக்கும். "இதைத் தைத்து முடித்துவிட்டுக் கேட்கலாம்" என்றால் ஆள் இருக்க மாட்டார். ஒருவரிடம் கேட்டு முடித்ததும் அவருக்காக ஒரு சிறு சதுரம் தையுங்கள். சதுரங்கள் சேரச் சேரப் போர்வையாகும், பக்கங்கள் சேரச் சேர வரலாறாகும். ஒவ்வொரு சதுரத்துக்கும் எண் கொடுத்து, அதே எண்ணை நோட்டிலும் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை

குடும்பக் கதையில் சண்டையும் வரும், சொத்துத் தகராறும் வரும், வெளியில் சொல்லக் கூச்சப்படும் வறுமையும் வரும். எழுதி வைப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. கண்காட்சிக்கோ விற்பனைக்கோ செய்யும் பொருளில் ஒருவர் பெயரையும் கதையையும் போடுவதானால் அவரிடம் சம்மதம் கேளுங்கள். விற்கிற துணி வேறு, வீட்டில் வைக்கிற துணி வேறு என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் மனஸ்தாபம் வராது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய துணி கொண்டு வாருங்கள். யாருடையது, எப்போது வாங்கியது என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். எழுதத் தெரிந்த ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருந்தால் இந்த மாதமே தொடங்கிவிடலாம்.